காலை உணவும் இரத்தசோகையும்: பள்ளிக் குழந்தையின் கவனக்குறைவு

விஸ்வநத்தம் போன்ற சிவகாசி வட்டார ஊர்களில், பெற்றோர் காலையிலேயே பட்டாசு ஆலைக்குப் புறப்படும் வீடுகளில் குழந்தை வெறும் தேநீருடன் பள்ளிக்குச் செல்ல நேரிடுகிறது. ‘ஞாபகசக்தி டானிக்’ கேட்டு வரும் தாய்மார்களிடம், குழந்தை காலையில் என்ன உண்டது என்றே முதலில் கேட்கிறோம்.

இரவு முழுதும் உணவின்றி இருந்த குழந்தைக்குப் பாடத்தில் கவனம் நிலைக்காது. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உள்ளது (தொடக்கம் 2022). அந்நேரத்திற்குள் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

இரத்தசோகை பசியைப் போல எளிதில் புலப்படாது. இரும்புச்சத்து இரத்தத்திற்கு மட்டுமன்றி மூளையின் செயல்பாட்டிற்கும் தேவை. அது குறைந்தால் கவனமும் நினைவாற்றலும் தளரும். இமையின் உட்புறம் வெளிறுதல், ஓடியாடும்போது மூச்சிரைத்தல், மண் அல்லது சிலேட்டுக்குச்சி தின்னுதல் ஆகியவை தென்பட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 5 முதல் 11 வயது வரை, அளவு 11.5 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது இரத்தசோகை.

முருங்கைக்கீரை, கம்பு, முட்டை, ஆட்டுச் சுவரொட்டி ஆகியவற்றைக் கொடுங்கள். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் உணவோடு தர வேண்டாம்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின் விழுங்க வேண்டும். மலம் கறுப்பது இயல்பே. அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.