சோற்றடுப்பு கடல் கடந்த கதை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், சொந்த வீடும் அதன் கொல்லைப்புறத்தில் சிறிது புல்தரையும் உடைய கிருகஸ்தர் ஒருவர், ஆயிரம் டாலருக்கு மேல் விலை கொடுத்து, எழுபது கிலோவுக்குக் குறையாத எடையுள்ள முட்டை வடிவமான பீங்கான் அடுப்பொன்றை வாங்கி, அக்கம்பக்கத்தார் இருவரைத் துணைக்கு அழைத்துத் தூக்கி நிறுத்தி, சனிக்கிழமை இரவு அதில் மூட்டிய கரி மறுநாள் நடுப்பகல் வரையில் அவியாமல் கனன்றுகொண்டிருக்க, பெரிய மாமிசத் துண்டொன்றை மந்தமான உஷ்ணத்திலும் மரப்புகையிலுமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து எடுப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. மாட்டின் நெஞ்சுக்கறிக்கும் பன்றியின் தோள்கறிக்கும் இதைவிட உகந்த அடுப்பு இல்லை என்று அவர்கள் சாதிப்பார்கள். ஆனால் அந்த அடுப்பு பிறந்தது மாமிசத்துக்காக அன்று, சோற்றுக்காக. அது பிறந்த நாடு அமெரிக்காவும் அன்று, ஜப்பான்.

இத்தகைய அடுப்புகளை விற்கும் வியாபாரிகள் அவற்றுக்கு மூவாயிரம் ஆண்டு வம்சாவளி கூறுவதுண்டு. சீனத்தின் மண்ணடுப்பும், நம் வடநாட்டுத் தந்தூரும், காளிபங்கன் அகழ்வாய்வில் வெளிப்பட்ட சிந்துவெளிக் காலத்து அடுப்புகளும் ஆகிய யாவும் அந்த வம்சத்தில் சேர்க்கப்படுகின்றன. இதில் எனக்குச் சம்மதமில்லை. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பி அதற்குள் நெருப்பை வைத்தால் விறகு குறைவாகச் செலவாகும் என்பதை அறிய ஒரு தேசத்தார் மற்றொரு தேசத்தாரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. சாயல் ஒன்றாயிருப்பதனாலேயே உறவு உண்டென்று ஸ்தாபிக்க முற்பட்டால் உலகத்துப் பானைகளெல்லாம் ஒரே குயவனுடையவை ஆகிவிடும். ஐயத்துக்கு இடமில்லாமல் நாம் பின்தொடர்ந்து செல்லக்கூடிய சுவடு கொரியத் தீபகற்பத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்ற ஒன்றே, அது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அதற்கு முன் ஜப்பானியர் தரையில் சிறிது பள்ளம் தோண்டி அமைத்த தம் குடில்களின் நடுவே, மூடாக்கு எதுவுமில்லாமல் நெருப்பு வளர்த்து, புகை கூரையின் இடுக்குகளில் போய் மறையக் கண்டு வாழ்ந்தவர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்த சாம்பல் நிறக் கெட்டிப் பாண்டங்களையும், இரும்புத் தொழிலின் நுட்பங்களையும், குதிரைகளையும் கொணர்ந்ததோடு, குடிலின் சுவரையொட்டிக் களிமண்ணால் கட்டி, புகையைச் சுவருக்கு வெளியே போக்கும் வழியும் வைத்த கமாடோ என்னும் அடுப்பையும் கொணர்ந்தார்கள். அக்காலத்துச் சில சமாதிகளில், இறந்தவர்க்குத் துணையாகக் கையகல மண்ணடுப்பும் அதற்கேற்ற சிறு பானைகளும் வைத்துப் புதைக்கப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மறுமையிலும் கூட வரவேண்டிய பொருள்களின் வரிசையில் அடுப்பும் சேர்ந்துவிட்டதென்றால், அது வீட்டில் பெற்றிருந்த ஸ்தானத்தைப் பற்றி வேறு சாட்சியம் தேவையில்லை.

712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட கோஜிகியிலும், எட்டாண்டு கழித்து எழுந்த நிஹோன் ஷோகியிலும், நின்டோக்கு சக்ரவர்த்தியைப் பற்றி ஓர் ஐதிகம் காணப்படுகிறது. உயர்ந்த இடமொன்றில் நின்று தம் நாட்டை நோக்கிய சக்ரவர்த்தி, ஜனங்களின் வீடுகளிலிருந்து அடுப்புப் புகை எழாததைக் கண்டு, சமைக்க அரிசியில்லாத குடிகளிடம் வரியும் ஊழியமும் வாங்குவது தகாதென்று மூன்று ஆண்டுகளுக்கு அவற்றை நீக்கி, அதனால் பொக்கிஷம் வற்றி அரண்மனைக் கூரை ஒழுகியபோதும் அதைச் செப்பனிடாமல் பொறுத்திருந்து, பிறகு ஒருநாள் எங்கும் புகை நிறைந்து எழக் கண்டு மகிழ்ந்தார் என்பது கதை. கதையின் மெய்ம்மையைச் சரித்திர ஆசிரியர்கள் ஐயுறுவார்கள். அவருடையதென்று சம்பிரதாயமாகச் சொல்லப்படும் சமாதியோ, ஓஸாகாவை அடுத்த ஸகாய் நகரத்தில் 486 மீட்டர் நீளத்துக்கு ஒரு குன்றுபோல் கிடக்கிறது. அத்தனை பெரிய மேட்டை எழுப்பக் குடிகளிடம் எத்தனை ஊழியம் வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது கதையின் கருணை சற்றே மங்குகிறது. எனினும் ஒரு நாட்டின் க்ஷேமத்தை அறிய அரசன் பார்க்க வேண்டியது அடுப்பைத்தான் என்று அந்தப் பழைய நூலாசிரியர்கள் கருதியதை மறுக்க முடியாது.

அடுப்புக்கென்று தெய்வமும் உண்டாயிற்று. வடகிழக்கு ஜப்பானில், மியாகி, இவாத்தே பகுதிகளின் பண்ணை வீடுகளில், அடுப்புக்கருகேயுள்ள தூணிலோ சுவரிலோ உருட்டி விழிக்கும் உக்கிரமான முகமொன்று மாட்டப்பட்டிருக்கும். களிமண்ணாலோ மரத்தாலோ ஆன அந்த முகத்தைப் புதுவீடு கட்டும்போதே, மீந்த பொருள்களைக் கொண்டு வேலைக்காரர்கள் செய்துவைப்பது வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் புகை படிந்து கறுத்த அம்முகங்கள் இப்போது பொருட்காட்சிசாலைகளுக்குப் போய்விட்டன.

அடுப்பின் விசேஷ குணத்துக்கு வருவோம். ஜப்பானியர் அரிசியைக் கஞ்சி வடிப்பதில்லை. அளந்து விட்ட தண்ணீர் முழுவதையும் அரிசியே உறிஞ்சிக்கொண்டு, பிறகு தன் ஆவியிலேயே புழுங்கிப் பதமாக வேண்டும். தொடக்கத்தில் இளந்தீ, நடுவில் பெருந்தீ, அதன்பின் கைக்குழந்தை வீறிட்டு அழுதாலும் மூடியில் கைவைக்கலாகாது என்ற கருத்தில் அந்நாட்டில் ஒரு சொலவடை வழங்குகிறது. பருத்த விளிம்புடைய இரும்புப் பானையும், அதன்மேல் கனத்த மரமூடியும், கீழே தடித்த மண்சுவருக்குள் நெருப்பும் சேர்ந்தே இந்தக் காரியத்தை முடித்தன. ஆனால் கட்டிய அடுப்பை இடம்பெயர்க்க முடியாது. விறகு ஏராளமாக வேண்டும். அடுப்பின் முன் குந்திக் குழல் ஊதும் பெண்களின் கண்கள் கெட்டன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பட்டணத்து வீடுகளில் பரவிய முஷிகமாடோ இந்தக் குறைகளுக்குப் பரிகாரமாக வந்தது. அது பீப்பாய் போன்ற தடித்த மண்கலம். மேலே கவிகை போன்ற கனத்த மூடி. அடியில் காற்றுப் புகச் சிறு கதவு. உச்சியில் காற்று வெளியேற ஒரு துவாரம். உள்ளே அடியில் ஒரு சிறங்கை மரக்கரியை மூட்டி, அதன்மேல் சோற்றுப் பானையை இறக்கி, உலை பொங்கியதும் கீழ்க்கதவையும் மேல்துவாரத்தையும் அடைத்துவிட்டால், காற்றில்லாமல் கரி அணைந்துபோக, சுவர்கள் உள்வாங்கி வைத்திருந்த உஷ்ணமே சோற்றைப் புழுக்கி முடிக்கும். நம்மூர்ப் பிரியாணிச் சமையற்காரர் தம் போடுவதை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவத்தை மேலும் விளக்க வேண்டியதில்லை. அணைந்த கரியில் மிச்சமுள்ளது அடுத்த வேளைக்கு உதவும். சிக்கனமே இந்த யந்திரத்தின் உயிர். கரியை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த கனத்த சுவரும் இரண்டு காற்றுவாய்களும் பின்னாளில் முற்றிலும் வேறொரு காரணத்துக்காக விலை பெறுமென்று அதை வனைந்தவர்கள் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 675ஆம் ஆண்டில் டென்மு சக்ரவர்த்தி, ஆண்டின் குறிப்பிட்ட சில மாதங்களில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் மாமிசத்தை உண்ணலாகாதென்று கட்டளை பிறப்பித்தார். பௌத்த தர்மத்தின் செல்வாக்கினால் பின்வந்த அரசர்களும் அதைப் பலமுறை புதுப்பிக்க, மாட்டிறைச்சி ஒவ்வாத பண்டமென்ற எண்ணம் ஜப்பானியர் மனத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வேரூன்றியிருந்தது. 1872 ஜனவரியில் மெய்ஜி சக்ரவர்த்தி மாட்டிறைச்சி உண்டதாக ஊரறியச் செய்ததும், அந்த எண்ணத்தைக் கலைப்பதற்காகத்தான். அத்தகைய நாட்டின் சமையலறையில் உருவான அடுப்பே இன்று டெக்ஸஸ்காரரின் மாட்டு நெஞ்சுக்கறிக்கு உத்தமமான பாத்திரமாகியிருக்கிறது.

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து, 1945 முதல் 1952 வரையில் ஜப்பான் அந்நிய சேனையின் ஆதிக்கத்தில் இருந்தது. அதன் பின்னும் கடற்படை, விமானப்படைத் தளங்களில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். ஜப்பானிய வீடுகளில் முஷிகமாடோவைக் கண்ட அவர்களில் சிலருக்கு, சோற்றுப் பானையை வெளியே எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஓர் இரும்புக் கம்பித் தட்டைப் பொருத்தினால் கோழியும் கறியும் சுடலாமே என்ற யோசனை எழுந்தது. சுட்டுப் பார்த்தவர்கள் அதன் சுவையில் மயங்கி, சேவைக்காலம் முடிந்து ஊர் திரும்புகையில் தம் சாமான்களோடு அந்தக் கனத்த கலங்களையும் ராணுவக் கப்பல்களிலும் விமானங்களிலும் ஏற்றிச் சென்றார்கள்.

அதே ஆண்டுகளில்தான் ஜப்பான் தன் அடுப்பைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1948 முதல் ராஜாங்கத்தின் விவசாய விஸ்தரிப்புப் பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, புகைபோக்கி வைத்த சீர்திருத்த அடுப்புகளைக் கட்டச் சொல்லி வந்தார்கள். 1955 டிசம்பரில் டோஷிபா நிறுவனம் தானாகவே நின்றுவிடும் மின்சாரச் சோற்றுப் பாத்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதை வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி. அரிசி வேகும் பக்குவத்தைச் சலியாமல் அளந்தறிந்து அவருக்கு வழிகாட்டியவர் மனைவி ஃபுமிகோ. வெளிப்பானையில் ஊற்றிய தண்ணீர் ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் ஆவியாகித் தீர்ந்ததும் உஷ்ணம் நூறு டிகிரியைத் தாண்டி உயர, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்தும் என்பதே அதன் ரகசியம். விடியற்காலையில் எழுந்து தீ மூட்டும் கடமையிலிருந்து பெண்களை அது விடுவித்தது. அப்படி விடுபட்டவர்கள் பழைய அடுப்பை நினைத்து ஏங்கினார்கள் என்று யாரேனும் எழுதினால் நான் நம்பத் தயாரில்லை.

அமெரிக்காவில் புகையிலிட்டு மாமிசம் சமைக்கும் மரபு பழையது. 1769இல் ஜார்ஜ் வாஷிங்டன் அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு பார்பிக்யூ விருந்துக்குப் போனதைத் தம் தினக்குறிப்பில் பதிந்திருக்கிறார். நிலத்தில் நீண்ட குழி தோண்டி, கட்டைகளை எரித்துக் கங்காக்கி, அதன்மேல் முழுப் பன்றியைக் கிடத்தி இரவெல்லாம் விழித்துத் திருப்பிப்போட்டுச் சமைத்த அவ்விருந்துகளின் உழைப்பு பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களுடையது. அக்கலையின் நுணுக்கங்களில் பெரும்பகுதி அவர்கள் கைகளில் வளர்ந்தவை. யுத்தத்துக்குப் பின் நகரங்களின் ஓரத்தில் தனித்தனி வீடுகள் பெருகி, கொல்லையில் விருந்து வைப்பது நாகரிகமானபோது, குழி வெட்டுவார் யார், இரவெல்லாம் விழித்திருப்பார் யார்? 1952இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், தாம் வேலை பார்த்த வெபர் சகோதரர் உலோகத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட மிதவையை இரண்டாக வெட்டி மூடியுள்ள அடுப்பாக்கினார். நல்ல அடுப்புதான்; ஆனால் மெல்லிய எஃகு உஷ்ணத்தைப் பிடித்து வைக்காது, குளிர்காற்று வீசினால் சுணங்கும்.

இந்த இடைவெளியில் வந்து பொருந்தியது ஜப்பானியக் கலம். 1950களில் கடற்படையில் பணியாற்றியபோது ஜப்பானில் இதன் சமையலை ருசித்தவரான எட் ஃபிஷர், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் பச்சின்கோ என்னும் ஜப்பானிய விளையாட்டு யந்திரங்களை விற்கும் கடை நடத்திவந்தார். அவற்றோடு கூடவே கமாடோக்களையும் விற்கத் தொடங்கி, 1974இல் பிக் கிரீன் எக் என்ற பெயரில் தொழிலை நிறுவினார். பச்சின்கோ மோகம் தணிந்தது. பச்சை முட்டை நிலைத்தது. ஆனால் ஆரம்ப காலத்துச் சாதாரண மண்கலங்கள், சோற்றுக்கு வேண்டிய சிறு தீயை மட்டுமே தாங்கப் பழகியவை ஆதலால், அமெரிக்கர் மூட்டிய பெருந்தீயிலும் பனிக்காலத்துக் குளிரிலும் மாறிமாறி அவதிப்பட்டுச் சில ஆண்டுகளில் விரிசல் கண்டன. காலக்கிரமத்தில் உஷ்ணத்தால் மிகக் குறைவாகவே விரியும் பீங்கான் கலவைக்கு மாறி, மெக்ஸிகோவின் மான்டெரே நகரில் உற்பத்தி நடைபெறலாயிற்று. விண்வெளி ஆராய்ச்சிக்காகக் கண்ட பொருள் என்று விற்பவர்கள் பெருமை பேசுவார்கள். சூளைகளுக்குள் தட்டுகளாக அடுக்கப் பயன்படும் கார்டியரைட்டும் இத்தகைய குணமுடையதே என்பதால் அந்தப் பெருமையைச் சற்றுக் குறைத்துக் கேட்பது நலம். 2009இல் அதே ஜார்ஜியாவில் கமாடோ ஜோ என்னும் போட்டி நிறுவனமும் எழுந்தது.

அடுப்பின் தத்துவம் மட்டும் மாறவில்லை. கீழ்வாயைக் கீற்றளவு திறந்தால் உட்புகும் சிறு காற்றுக்கு ஏற்பவே கரி எரிகிறது. 110 டிகிரியில் ஒரு கூடைக் கரி இரவு முழுதும் நிற்கிறது. வீசும் காற்று குறைவாதலால் மாமிசத்தின் ஈரம் வீணாவதில்லை. கடினமான தசைநார் மெல்லக் கரைந்து கூழாகிறது. கரிக்கிடையே புதைத்த ஹிக்கரி, ஓக் கட்டைகளின் புகை மெதுவாகப் படிகிறது. வாய்களை அகலத் திறந்தாலோ 350 டிகிரிக்கு மேல் ஏறி ரொட்டி சுடும் சூளையாகிவிடும். வறுமையின் சிக்கனத்துக்காக அமைந்த அமைப்பு செல்வத்தின் பொழுதுபோக்குக்குப் பணிசெய்கிறது. தினந்தோறும் பெண்கள் முன்னே குந்தியிருந்த அடுப்பு, வாரம் ஒருமுறை ஆடவர் சுற்றி நின்று வியக்கும் பொருளாயிற்று. இதில் எனக்கு வருத்தமில்லை. இந்தப் புதிய எஜமானர்கள் அகப்படாமலிருந்தால் அந்த உருவம் இன்று பொருட்காட்சிசாலையில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

வாங்குவோர் அறிய வேண்டியவை சில உள. மரமேஜையில் நேரே வைக்கலாகாது, கல்தளமோ இரும்புத் தாங்கியோ வேண்டும். தூக்கும்போது மூடியின் கீலைப் பிடிக்கலாகாது. அச்சில் வார்த்த கரிக்கட்டிகளைவிட மரக்கரியே மேல், ஏனெனில் அது விடும் சாம்பல் குறைவு, காற்று வழி அடைபடாது. வாய்களை நெடுநேரம் ஒடுக்கிவைத்தபின் மூடியைச் சட்டெனத் தூக்கினால், காற்றுக்கு ஏங்கிய நெருப்பு முகத்தை நோக்கிப் பாயும். முதலில் விரலளவு உயர்த்தி, ஆவி போகவிட்டுப் பிறகே திறக்க வேண்டும். பீங்கான் பாகத்துக்குப் பெரிய நிறுவனங்கள் முதலில் வாங்கியவரின் ஆயுட்காலம் முழுவதுக்கும் உத்தரவாதம் தருகின்றன. மூடியும் கலமும் சேருமிடத்தில் ஒட்டிய கம்பளிப் பட்டைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அது சில ஆண்டுகளில் கருகித் தேயும். அப்போது சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.