அரசு கருத்துக் கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம்?
தொழில்நுட்பம், படைப்புத் துறை ஆதரவும் இந்தியர்களின் பங்கும்

குறும்படம் எடுக்கும் இளைஞர், கைப்பேசிச் செயலி உருவாக்கும் பட்டதாரி, தமிழ்ப் பாடல் பதிவு செய்யும் குழு என நம்மிடையே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அரசாங்க மானியம் யாருக்கு, எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பது விண்ணப்பம் திறப்பதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுக்கு முன் நடப்பதுதான் பொதுமக்கள் கருத்துக் கேட்பு.

ஆதரவு தரும் அமைப்புகள்

இத்துறைக்கு உதவும் அமைப்புகள் பல. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பினாஸ், திரைப்படத் துறையைக் கவனிக்கிறது. 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டத்துக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பே இன்றைய எம்டெக். இலக்கவியல் நிறுவனங்களுடன் அசைவூட்டம், கணினி விளையாட்டு ஆகியவையும் அதன் பார்வையில் வரும். தொடக்க நிலைத் தொழில்நுட்ப முயற்சிகளுக்கு 2003இல் அமைந்த கிரேடல் நிதி உள்ளது. படைப்புத் தொழில்களுக்குக் கடனும் முதலீடும் தர, 20 கோடி வெள்ளி ஒதுக்கீட்டுடன் 2012இல் மைகிரியேட்டிவ் வென்ச்சர்ஸ் உருவானது. கலைத் துறைக்கான செண்டானா 2017இல் வந்தது.

இந்திய சமூகத்துக்கென மித்ராவும், தெக்குனின் ஸ்புமி கடனும் உண்டு. ஆனால் மேலே சொன்ன பொது நிதிகளும் எல்லா மலேசியர்களுக்கும் உரியவை. மித்ராவை மட்டும் எதிர்பார்த்திருப்பது பெரிய கதவை விட்டுவிட்டுச் சின்ன கதவைத் தட்டுவது போன்றது.

கருத்துச் சொல்லும் வழிகள்

முதலாவது, வரவு செலவுத் திட்டம். அண்மைய ஆண்டுகளில் அது அக்டோபரில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நிதியமைச்சு பொதுமக்களிடம் இணையம் வழி பரிந்துரைகளைக் கேட்கிறது. தனிநபரும் அனுப்பலாம், சங்கமும் அனுப்பலாம்.

இரண்டாவது, புதிய விதிமுறைகள். தேசியக் கொள்கைப்படி, விதிமுறைகளை உருவாக்கும் அல்லது மாற்றும் அரசுத் துறைகள் பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்க வேண்டும். எம்.பி.சி. எனப்படும் மலேசிய உற்பத்தித் திறன் கழகம் இதற்கென ஒருங்கிணைந்த இணையத்தளம் ஒன்றை நடத்துகிறது.

மூன்றாவது, அமைப்புகள் நேரில் நடத்தும் விளக்கக் கூட்டங்கள். வழிகாட்டி நெறிகளில் உள்ள சிக்கலை அதிகாரிகளிடமே சொல்ல இது நல்ல இடம்.

குரல் கொடுத்தால் மாறுமா?

2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருது மொழி அடிப்படையில் பிரிக்கப்பட்டது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' தமிழ்ப் படம் என்பதால் முதன்மைப் பிரிவில் அதற்கு இடமில்லை. கலைஞர்களும் பொதுமக்களும் இன வேறுபாடின்றி எதிர்த்தார்கள். மலாய்க் கலைஞர் அஃப்டிலின் ஷௌகி தாம் முன்பு பெற்ற விருதுகளைத் திருப்பித் தர முன்வந்தார். இறுதியில் விதி மாற்றப்பட்டு, சிறந்த மலேசியத் திரைப்பட விருது எல்லா மொழிப் படங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த விருதை 'ஜகாட்' வென்றது.

அது முறையான கருத்துக் கேட்பு அல்ல. விதி வெளிவந்த பிறகு எழுந்த எதிர்ப்பு. விதி எழுதப்படும்போதே பேசியிருந்தால் அந்தப் போராட்டம் தேவைப்பட்டிருக்காது.

எப்படி எழுதுவது?

● "இந்தியர்களுக்கு உதவுங்கள்" என்ற பொதுவான வரி பயன் தராது. எந்த மானியம், எந்த நிபந்தனை, யாருக்குத் தடை என்று குறிப்பிட வேண்டும்.

● மாற்று வழியையும் சொல்ல வேண்டும். பல மானியங்கள் வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகவே தரப்படும். இருவர் மட்டுமே நடத்தும் நிறுவனத்திடம் கைமுதல் இருக்காது. முதல் தவணையைச் சற்று உயர்த்தக் கேட்பது நியாயமான பரிந்துரை.

● சொந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்: செலவு, வேலை பெற்றவர்கள், வருமானம்.

● மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் போதும். மொழி தயக்கமாக இருந்தால் தோட்டத்து இளைஞர் மன்றமோ ஆலய நிர்வாகமோ பழைய மாணவர் சங்கமோ கூடி ஒரே கடிதமாக அனுப்பலாம்.

● அனுப்பியதன் நகலை வைத்துக்கொண்டு, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒன்று கொடுப்பது நல்லது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஆனால் கோப்பில் நம் கடிதமே இல்லையென்றால், இப்படி ஒரு தேவை இருப்பதே அதிகாரிகளுக்குத் தெரியாமல் போகும். அடுத்த முறை கருத்துக் கேட்பு அறிவிப்பு வரும்போது, இறுதித் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பதிலிருந்து தொடங்கலாம்.