சிறுநீரகக் காயங்கள்: வெளியே தெரியாத ஆபத்து

விபத்தில் சிக்கியவர் எழுந்து நடந்துவிட்டால், வெளியே குருதி கசியாவிட்டால், 'பெரிதாக ஒன்றுமில்லை' என ஆறுதலடைவது எம்மவர் மத்தியில் வழக்கமாக இருந்து வருகின்றது. உள்ளுறுப்புகளைப் பொறுத்தவரையில் இது ஆபத்தான வழக்கமாகும். சிறுநீரகக் காயம் இதற்குத் தக்க உதாரணம்.

கீழ் விலா எலும்புகள், முதுகுத் தசைகள், கொழுப்புப் படை ஆகியவற்றின் பாதுகாப்பிலேயே சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. எனினும், பலத்த அடியை இப்பாதுகாப்பு தாங்குவதில்லை. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவற்றினூடாகப் பாய்வதால், காயம் பெருங் குருதிப்பெருக்கை உண்டாக்கக்கூடும்.

வீதி விபத்து, உயரத்திலிருந்து விழுதல், விளையாட்டின்போதான மோதல், தாக்குதல் என்பனவே பெரும்பாலான சிறுநீரகக் காயங்களுக்குக் காரணமாகின்றன. கத்திக்குத்து, துப்பாக்கிச்சூடு, குண்டுச் சிதறல் என்பவற்றாலும் இவை ஏற்படுகின்றன. மோட்டார் சைக்கிளில் பயணிப்போரும், பனை, தென்னை ஏறித் தொழில் புரிவோரும் குறிப்பாக அவதானமாயிருத்தல் வேண்டும். சிறுவர்களுக்குப் பாதுகாப்புக் கொழுப்பு குறைவு. விலா எலும்புகளும் முழுமையாக உறுதி பெற்றிருப்பதில்லை. ஆகையால் அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

சிறுநீரில் குருதி கலந்து வெளியேறுவது முக்கிய அறிகுறியாகும். ஆனால் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதிக் குழாய் அறுந்த நிலையில், சிறுநீர் தெளிவாகவே இருக்கவும் கூடும். விலாப்புற வலி, கண்டல், வீக்கம், மயக்கம் என்பனவும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

காயத்தின் தன்மையை சி.ரி. ஸ்கேன் மூலம் கண்டறிந்து, 1 முதல் 5 வரை தரப்படுத்துவர். சத்திரசிகிச்சை என்றதும் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான காயங்கள் படுக்கை ஓய்வு, குருதியமுக்கம் மற்றும் குருதிப் பரிசோதனை ஆகியவற்றுடனான தொடர் கண்காணிப்பிலேயே குணமடைகின்றன. குருதிப்பெருக்கு தொடருமாயின், குழாய் செலுத்தி, கசியும் நாளத்தை அடைக்க முடியும். உயிராபத்து நேரும்போதே சத்திரசிகிச்சை, சில வேளைகளில் சிறுநீரகத்தை அகற்றுதல் என்பன அவசியமாகின்றன. பிற்காலத்தில் உயர் குருதியமுக்கம் தோன்றக்கூடும் என்பதால், வீடு திரும்பிய பின்னரும் வைத்தியர் குறிப்பிடும் தினங்களில் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும்.

விபத்துக்குள்ளானவருக்கு வலிநிவாரணி மாத்திரை கொடுத்து வீட்டில் படுக்க வைப்பதும், எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைத்து, உடன் வைத்தியசாலையை நாட வேண்டும். காயம் வெளியே தெரியவில்லை என்பதற்காகத் தாமதிக்க வேண்டாம் என்பதே எமது வேண்டுகோளாகும்.