செவ்வாயில் ஒரு லினக்ஸ்: 54-வது நொடி

சென்ற வாரம் நாசாவின் செவ்வாய் ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். ஆறாவது பறப்பு. பத்து மீட்டர் உயரம். நொடிக்கு நான்கு மீட்டர் வேகம். முதல் 150 மீட்டரைக் கடந்து முடிக்கப் போகிறது.

கிளம்பி 54 நொடி ஆகியிருந்தது.

அப்போதுதான் ஆட்டம் கண்டது.

முன்னே குப்புறச் சாய்ந்தது. நிமிர்ந்தது. பக்கவாட்டில் சரிந்தது. மறுபடி நிமிர்ந்தது. சாய்வு 20 டிகிரியைத் தாண்டியது. மின்சாரச் செலவு எகிறியது. இன்னும் ஏறத்தாழ 65 மீட்டர் பறக்க வேண்டும். அதற்குப் பிறகு தரையிறங்கவும் வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இருந்த குழுவுக்கு இது எதுவும் தெரியாது. செவ்வாயிலிருந்து சமிக்ஞை வந்துசேர கால் மணி நேரத்துக்கும் மேலாகும். பறப்போ மூன்று நிமிடம்கூட இல்லை. கைகொடுக்க ஆளில்லை.

அந்த 1.8 கிலோ இயந்திரத்துக்குப் பின்னால் ஒருவருடைய பல வருடக் காத்திருப்பு இருந்தது. தலைமைப் பொறியாளர் பாப் பலராம், நம் சென்னை ஐஐடியில் இயந்திரவியல் படித்தவர். தென்னிந்தியாவில் வளர்ந்த பையன். உறவினர் ஒருவர் அமெரிக்கத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்க, தபாலில் வந்தன நாசாவின் படப் புத்தகங்கள். மயக்கம் அங்கே தொடங்கியது. செவ்வாயில் ஹெலிகாப்டர் என்ற யோசனையை 1990-களிலேயே முன்வைத்தார். கிடப்பில் போட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் போல அது தூங்கியது.

இப்போது அந்தக் கனவு தள்ளாடுகிறது. ஏன்?

ஹெலிகாப்டரின் உள்ளே போய்ப் பார்ப்போம்.

அங்கே கைப்பேசிக்காகச் செய்த ஒரு ஸ்னாப்டிராகன் 801 சிப். அதில் லினக்ஸ். செவ்வாயில் பறந்த முதல் லினக்ஸ். ஆனால் லினக்ஸ் பிறவியிலேயே நிகழ்நேர இயங்குதளம் அல்ல. எல்லா வேலைக்கும் நேரத்தைப் பங்கிட்டுத் தருவது அதன் குணம். இந்த வேலை இத்தனை மில்லிநொடிக்குள் முடிந்தே தீரும் என்று அது சத்தியம் செய்து தராது. பொறியாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் நொடிக்கு 500 முறை இறக்கைகளைத் திருத்தும் வேலையை அதனிடம் விடவில்லை. அதற்குத் தனிச் சில்லுகள். லினக்ஸுக்குக் கொடுத்தது கண்ணின் வேலையை.

கீழ்நோக்கிய கறுப்பு வெள்ளைக் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும். ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் பதிவாகும். அந்த நொடியில் தரை எப்படித் தெரிய வேண்டும் என்று மென்பொருள் முன்கூட்டியே கணித்துவைக்கும். படத்தோடு ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால், தான் விலகிவிட்டதாக எண்ணித் திருத்திக்கொள்ளும்.

54-வது நொடி வாக்கில், ஒரு படம் தொலைந்தது.

ஒரே ஒரு படம்தான். அது போனதால் மட்டும் கேடில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த அத்தனை படங்களிலும் நேரம் தப்பாகப் பதிவானது. கும்பேஸ்வரர் கோயில் வீதியுலாவில் தாளம் போடுபவர் ஒரு தட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? தவில்காரரின் அடி ஒவ்வொன்றும் சுத்தமாக இருக்கும். ஒன்றுகூட இடத்தில் விழாது.

அதேதான் அங்கேயும் நடந்தது. படம் உண்மை. நேரம் பொய். இல்லாத விலகலைக் கண்டது மென்பொருள். திருத்தியது. அந்தத் திருத்தமே புதிய ஆட்டம் ஆனது. அதையும் திருத்தியது.

நிகழ்நேர நிரலின் கொடுமை இதுதான். சரியான விடை, தவறான நேரத்தில் வந்தால் அது தவறான விடை.

ஹெலிகாப்டர் தள்ளாடியபடியே தெற்கே திரும்பியது. பிறகு வடகிழக்கே. கவிழவில்லை. நேரக் கணக்கு பிசகினாலும் தாங்கும்படி கட்டுப்பாட்டில் தாராளமாக இடம் விட்டு வடிவமைத்திருந்தார்கள். முந்தைய ஐந்து பறப்புகளில் அது முழுதாகத் தேவைப்படவில்லை. அன்று தேவைப்பட்டது.

ஆனால் இந்த ஆட்டத்தோடு எப்படித் தரையைத் தொடுவது?

இங்கேதான் பழைய முடிவு ஒன்று எழுந்து வந்தது. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராப் படங்களைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். அந்தச் சில நொடிகளில் இடம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, கணிப்பு மட்டும் குலுங்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. தம் சொந்த மென்பொருளையே முழுக்க நம்பாத மனிதர்களின் முடிவு அது.

ஹெலிகாப்டர் கண்ணை மூடிக்கொண்டது.

ஆட்டம் நின்றது.

நேராக நிமிர்ந்து, திட்டமிட்ட வேகத்திலேயே இறங்கியது. குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் தள்ளி. நான்கு கால்களும் தரையில்!

தகவல்கள் பூமிக்கு வந்தன. தலைமை விமானி ஹோவர்ட் கிரிப்பும் குழுவும் ஒவ்வொரு நொடியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நேரம் பிசகியது புரிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு படம் தொலையக் காரணம் என்ன? யார் குறுக்கே வந்தது?

சந்தேகம் போய் நின்ற இடம் சங்கடமானது. ஹெலிகாப்டரில் இன்னொரு கேமரா இருந்தது. 13 மெகாபிக்சல் வண்ணக் கேமரா. விஞ்ஞானிகள் ஆசையோடு எதிர்பார்த்த படங்களைத் தருவது அதுதான். அது படம் எடுக்கும்போதுதான் கறுப்பு வெள்ளைப் படங்களின் வரிசை தடுக்கியிருக்கக்கூடும்.

ஏழாவது பறப்பு: வண்ணக் கேமரா மூடியே இருந்தது. எட்டாவது: அப்போதும் மூடியே. இரண்டும் நலம். பிறகு புதிய மென்பொருளை அனுப்பினார்கள்.

இனி சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்ததோ ஒன்பதாவது பறப்பு. தரையில் ஓடும் நாசாவின் ரோவரே நுழையத் தயங்கும் சேயிட்டா மணல்மேடுகளுக்கு மேலே, 625 மீட்டர். வண்ணக் கேமரா திறந்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தரை எப்போதும் சமதளம் என்று நம்பும்படிதான் அந்த மென்பொருளையே எழுதியிருந்தார்கள்.

மேட்டையும் பள்ளத்தையும் பார்த்ததும் அது என்ன செய்தது?

அடுத்த வாரம்.