வேடந்தாங்கலை வேவு பார்க்கும் பறவைகள்

திண்டிவனத்திலிருந்து சென்னை சாலையில் மேல்மருவத்தூரைத் தாண்டி இடதுபுறம் பிரிந்தால் வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் வக்காவும் கிளைக்குக் கிளை கூடு கட்டுகின்றன.

இந்தக் குடியிருப்பைக் காத்தவர்கள் ஊர்மக்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரே எதிர்த்தது. 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை ஏற்றுக்கொண்டார். சரணாலயம் என்ற அங்கீகாரம் வந்தது 1936இல்தான். அதற்குள் ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஓடிவிட்டன.

துப்பாக்கியை நிறுத்தினால் போதுமா, பறவை திரும்ப வந்துவிடுமா? அது பறவை எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவு பெரும்பாலும் முந்தைய பருவத்திலேயே எடுக்கப்படுகிறது என்பதைப் பறவையியல் கடந்த 30 ஆண்டுகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளிடையே எப்போதும் சில கூடற்ற பறவைகள் திரியும். இன்னும் பருவம் வராத இளசுகள், முட்டையைப் பறிகொடுத்தவை. பார்ப்பவருக்கு அவை சும்மா சுற்றுவதுபோலத் தோன்றும். உண்மையில் அவை இடம் பார்க்கின்றன. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் கிட்டிவேக் என்னும் கடற்காகங்களை ஆராய்ந்த எத்தியென் தான்ஷான், தியரி புலினியே ஆகியோர் கண்டது இதுதான்: கூடுகளில் குஞ்சுகள் நன்கு வளர்ந்து நிற்கும் நாட்களில்தான் இந்த வேவு உச்சத்துக்குப் போகிறது. எந்தப் பாறையில் குஞ்சு தப்பிப் பிழைத்தது என்பது அப்போதுதானே தெரியும்! ஸ்வீடனின் காட்லாந்து தீவில் ஈப்பிடிப்பான் கூடுகளில் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் வைத்துப் பார்த்தார்கள். எங்கே தங்குவது, எங்கிருந்து விலகுவது என்ற மறு ஆண்டு முடிவுகள் அதற்கேற்ப மாறின. அந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது.

வேடந்தாங்கல் வரலாற்றை இந்த வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும். ஒரு பருவம் சுட்டால் அந்த ஆண்டுக் குஞ்சுகள் மட்டும் போவதில்லை; காலிக் கூடுகளைப் பார்த்த இளம் பறவைகளும் வேறு ஏரி தேடக்கூடும். பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரார் பட்டாசு வெடிக்காமல் கழித்த ஒவ்வொரு தீபாவளியும் அடுத்த தலைமுறை நாரைகளுக்கு அந்த மரங்களைப் பரிந்துரைத்திருக்கிறது. சரணாலயத்தின் உண்மையான சொத்து, தப்பிப் பிழைத்த குஞ்சுகளால் சேர்ந்த இந்த நற்பெயர்தான்.

நீர்ப்பரப்பு பெரிதாக இருந்தால் மட்டும் கூடு வந்துவிடாது. விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே உள்ள கழுவேலி ஈரநிலம் வேடந்தாங்கலைவிடப் பன்மடங்கு பெரியது, 5,151 ஹெக்டேர். 2021இல் சரணாலயமானது, 2024இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் அங்கே இரை தேடுகின்றன. முட்டையிடுவது வடக்கே தங்கள் சொந்த மண்ணில். கூடு கட்டும் நாரைக்கோ இரை மட்டும் போதாது; தண்ணீர் சூழ்ந்த மரமும் தொல்லை தராத மனிதரும் வேண்டும்.

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் பருவத்தின் கடைசி வாரங்களில் இன்னும் கவனமாக இருங்கள். குஞ்சுகள் வளர்ந்து நிற்கும் அந்த நாட்களில் கூச்சல் போடாதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். அடுத்த ஆண்டு எங்கே குடியேறலாம் என்று இளம் பறவைகள் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய நேரம் அது.