22 நிமிடத்தில் நீக்கப்பட்ட உணவகம்

எந்த உணவகத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் தரலாம் என்று விக்கிப்பீடியர்களிடையே பேச்சு எழுந்தால், ஒரு தென்னாப்பிரிக்க இறைச்சிக்கடையின் பெயர் எப்படியும் வந்துவிடும். ம்சோலீஸ். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்குப் பக்கம் தொடங்கியவர் ஜிம்மி வேல்ஸ், அந்தக் களஞ்சியத்தை நிறுவியவர்களில் ஒருவர். தொடங்கிய 22 நிமிடத்தில் ஓர் இளம் நிருவாகி அதை நீக்கிவிட்டார். நிறுவனர் எழுதியதென்றும் பாராத நேர்மை என்று சிலர் பாராட்டுவார்கள், விதியைக் கட்டிக்கொண்டு அழுவது என்று சிலர் கோபப்படுவார்கள். நீக்கியது சரிதானா, பக்கம் எந்தச் சான்றின் பலத்தில் திரும்ப வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் பழைய பதிவுகளைத் தேடிப் போனேன்.

தேடுகிறவருக்கு விக்கிப்பீடியா நல்ல ஆவணக்காப்பகம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாளும் நேரமும் பயனர் பெயரும் பக்க வரலாற்றில் இருக்கும். நீக்கங்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. நீக்கலாமா வேண்டாமா என்று நடந்த வாதங்களும் முடிந்த நிலையில் அப்படியே காக்கப்படுகின்றன.

முதல் தடயம் 2007 செப்டம்பர் 17. வேல்ஸ் எழுதியது குறுங்கட்டுரை என்று சொல்லவும் போதாத அளவு சிறியது. கேப்டவுன் அருகே குகுலேத்து என்ற குடியிருப்பில் உள்ள ஓர் இறைச்சிக்கடை, உணவகம் என்ற செய்திக்கு மேல் அதில் ஏதும் இல்லை. யார் நடத்துவது, எப்போது தொடங்கியது, ஏன் பேசப்படுகிறது, எதுவும் கிடையாது. நீக்கியவர் காட்டிய விதியை எடுத்துப் படித்தேன். ஒரு நபரையோ நிறுவனத்தையோ பற்றிய கட்டுரை, அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காரணத்தைக்கூடக் காட்டவில்லை என்றால் விவாதமின்றி உடனே நீக்கலாம் என்பது அதன் சாரம். வேல்ஸ் எழுதியதை மட்டும் பார்த்திருந்தால் நானும் நீக்கியிருப்பேன்.

பக்கம் மீட்கப்பட்டதும் முறைப்படி நீக்கல் விவாதம் தொடங்கியது. களஞ்சியமா, கடைகளின் விவரத்திரட்டா என்று ஒரு தரப்பு கேட்டது. மறுதரப்பு தேடத் தொடங்கியது. வேல்ஸும் வந்து வாதிட்டார், எதிர்த்தவர்களின் மனப்பான்மையைக் கடுமையாகவே கண்டித்தார். லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் வரை செய்தி போயிற்று. அந்தச் சச்சரவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பக்கத்தைக் காப்பாற்றியது தேடிய தரப்பு கொண்டுவந்து வைத்த பத்திரிகைக் குறிப்புகளும் பயண எழுத்துகளும்தான்.

அந்த எழுத்துகள் எதைப் பற்றியவை? இந்த இடத்தில்தான் என் தேடல் சமையலறையை விட்டு வெளியே வந்தது. கேப்டவுன் நகருக்குள் கறுப்பின மக்கள் வாழக்கூடாது என்று விரட்டிய நிறவெறி அரசு அவர்களை அடைத்துவைத்த புறநகர்களில் ஒன்று குகுலேத்து. அதன் தெருக்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை; சுதேசிகளின் குடியிருப்பு என்ற பொருள்படும் என்.ஒய். என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே. 1986 மார்ச்சில் ஏழு இளைஞர்களைப் பாதுகாப்புப் படை சுட்டுக் கொன்றது இந்த ஊரில்தான். என்.ஒய். 115இல் இருந்தது ம்சோலி என்பவரின் கடை. முதலில் ஒரு கார் கொட்டகையில் இறைச்சி விற்றவர் அவர். கறுப்பினத் தொழில்முனைவோருக்கு உதவும் அரசு வளர்ச்சி வங்கியிடம் நிதி பெற்று 2003இல் முறையான கடை திறந்தார். பச்சை இறைச்சியை நாமே பார்த்து எடுத்து, காசு கொடுத்து, பின்புறம் எரியும் விறகடுப்பில் சுட்டு வாங்கிக் கையால் தின்ன வேண்டும். வார இறுதிகளில் இசையும் ஆட்டமுமாகத் தெருவே நிரம்பும். அந்தப் பகுதிக்குள் கால்வைக்க அஞ்சிய வெள்ளையரும் வெளிநாட்டுப் பயணிகளும் அங்கே வந்து உள்ளூர் மக்களோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள். நிருபர்களை இழுத்தது அந்தக் காட்சி. பிரிக்கப்பட்ட ஒரு நகரம் மீண்டும் கலக்க முயன்றதற்கு ஓர் அடுப்படி சாட்சியாக இருந்தது என்றால், அதற்குக் களஞ்சியத்தில் இடம் வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

2018இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனங்களுக்கான குறிப்பிடத்தக்கமை விதி, அதாவது எதற்குப் பக்கம் தரலாம் என்ற விதி, இன்னும் இறுகியது. தொடர்பில்லாத ஒருவர், நம்பகமான இதழில், விரிவாக எழுதியிருக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தி மட்டும் போதாது. வாடிக்கையாளர் மதிப்புரைகள் கணக்கில் வராது. 2017இல் லண்டனில் இல்லவே இல்லாத ஒரு உணவகம், பொய் மதிப்புரைகளாலேயே ஒரு பயணத் தளத்தில் நகரின் முதலிடத்துக்கு ஏறியதை அறிந்தவர்கள் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். மிஷ்லின் நட்சத்திரம் நல்ல சான்றுதான், ஆனால் அந்தக் கையேடு போகாத நாடுகளே அதிகம். அப்போது தென்னாப்பிரிக்காவுக்கும் அது போகவில்லை.

ஆக, ருசிக்கு இதில் பங்கே இல்லை. நம் ஊரிலும் அப்படித்தான். திருவல்லிக்கேணி முரளி கபே வரலாற்றில் நிற்பது, அதன் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்பதை நீக்கக் கோரி 1957இல் பெரியார் தொடங்கிய போராட்டத்தால். சென்னையில் 1962 முதல் 2008 வரை இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பற்றிச் சான்று தேடுவது எளிது. அந்த நிலம் செம்மொழிப் பூங்காவாக மாறிய செய்தியோடு அதன் கதையையும் நாளிதழ்கள் எழுதின. ஆனால் துறைமுகத் தொழிலாளிக்கும் அச்சுக்கூடப் பையனுக்கும் மாதக் கணக்கில் சோறு போட்ட மெஸ்களுக்குப் பெரும்பாலும் ஒரு பத்திகூட இல்லை. நிருபர் போகாத தெருவுக்குக் களஞ்சியமும் போகாது. விதியைத் தளர்த்தினால் விளம்பரம்தான் உள்ளே வரும். சான்றை நாம் உண்டாக்குவதே நேரான வழி.

ம்சோலீஸ் 2021இல் மூடப்பட்டுவிட்டது. பக்கம் இருக்கிறது, ஏனென்றால் கடை நடந்த நாளிலேயே பிறர் எழுதிவைத்தார்கள். உங்கள் ஊர் பழைய உணவகத்தைப் பற்றி ஓர் இதழுக்கு எழுதுங்கள். தொடங்கிய ஆண்டு, தெரு, நடத்தியவர், அங்கே சாப்பிட்டவர்கள் யார், யாரை உள்ளே விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய ரசீதும் விலைப்பட்டியலும் கிடைத்தால் தூக்கிப் போடாமல் நூலகத்தில் கொடுங்கள்.