பரட்டை அண்ணன்: பறையும் ஓர் உலையும்



தமிழ்க் கிறித்தவர்களிடம் நெடுங்காலம் உயர்வாக மதிக்கப்பட்டது கருநாடக இசைக் கீர்த்தனை. நம் திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் அதன் பெரும் முன்னோடி. அந்த ராகமும் வடமொழி கலந்த நடையும் கற்றவர்களின் சொத்தாயின. சேரி மக்கள் மதம் மாறிய பிறகும் அவர்களுடைய பறை தேவாலயத்துக்கு வெளியிலேயே நின்றது.

அதை உள்ளே கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தலித் இறையியலாளர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). சீவாத தலையைக் கேலி செய்யும் ‘பரட்டை’ என்ற சொல்லையே தன் பெயராக்கிக்கொண்டார். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் ஒரு முழு ஆராதனை முறையையே இயற்றினார். திருவிருந்தை ‘ஓர் உலை’யாக, எல்லாரும் ஒரே பானையில் பொங்கி உண்பதாகக் கண்டார். தீண்டாமைக்கு இதைவிட நேரான மறுப்பு வேறில்லை.

தன் பாடல்களையும் மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்றார். பாட்டை மாற்றத் துணிந்தவர் தன் நிலையையும் மாற்றத் துணிவார் என்பதே அதன் அரசியல்.

சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் செத்தவரையும் சாதி பார்த்துப் பிரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஒழியும்வரை, அண்ணனின் பாட்டில் நாம் சேர்க்கவேண்டிய அடிகள் மிச்சமிருக்கின்றன.